கியூபிச நிலைப்பொருள் ஓவியமும் நம் மாணவரும்

ஓவியம் பயிலும் நம் மாணவர் பலர், கியூபிசம் என்றவுடன் அடிமட்டத்தைக் கையில் எடுக்கின்றனர். செம்பு ஒன்றை உள்ளவாறே வரைந்து, அதன்மேல் நேர்கோடுகள் பலவற்றை இழுத்து, உண்டாகும் கட்டங்களுக்கு வெவ்வேறு வண்ணந் தீட்டுகின்றனர். இது கியூபிசம் அன்று. கோடு கிழிக்கப்பட்ட செம்பு, அவ்வளவே.

பனிச்சங்கேணிக் களப்பிலே கட்டியிருக்கும் தோணியை நோக்குக. கரையில் நிற்பவன் அதன் பக்கத்தைக் காண்கிறான். பாலத்தில் நிற்பவன் அதன் உட்புறத்தைக் காண்கிறான். தோணிக்காரனோ இரண்டையும் ஒருங்கே அறிவான். அவனறிந்த தோணியை ஒரே தளத்தில் வரைய முயன்றால் எழும் இடர்ப்பாடே கியூபிசத்தின் தோற்றுவாய். 1906இல் மறைந்த செசான் இதற்கு வழி திறந்தார். பிக்காசோவும் பிறாக்கும் 1907க்கும் 1914க்கும் இடையே அவ்வழியிற் சென்றனர். போத்தல், கிண்ணம், கிற்றார், செய்தித்தாள் என்பனவே அவர்கள் பெரிதும் விரும்பிய பொருள்கள். கைக்கெட்டும் பொருளைச் சுற்றி வந்து நோக்கலாம்; தொட்டும் அறியலாம். வண்ணம் மயக்காதிருக்கவே கபிலமும் சாம்பலும் போதுமெனக் கொண்டனர்.

இம்முறை நமக்குப் புறம்பானது என்பாரும் உளர். ஆறுமுகப் பெருமானின் முகங்கள் ஆறனையும் ஒரு தளத்தில் வரிசையாக எழுதும் மரபு நம்முடையதன்றோ? ஆயினும் இரண்டும் ஒன்றெனல் பொருந்தாது. அங்கே முகங்கள் பல என்பது சமய உண்மை. இங்கே பொருள் ஒன்றே, பார்வைகளே பல. ஆனால், ஒரு கண் ஒரு கணத்திற் காண்பதே உண்மை என்னும் கட்டுப்பாடு நம் மரபுக்கு என்றும் இருந்ததில்லை என்பது தெளிவு.

ஈழத்தில் இம்முறையைத் தமதாக்கிக்கொண்டவருள் முதன்மையானவர் ஜோர்ஜ் கீற் (1901–1993). 1943இல் கொழும்பில் தோன்றிய ‘43 குழு’வின் உறுப்பினரான இவர், ஓவியப் பள்ளியில் முறையாகப் பயிலாதவர். அவர்தம் பெண்ணுருவங்களில் முன்தோற்றமும் பக்கத்தோற்றமும் ஒரே முகத்தில் இணைகின்றன. கோடு கொடிபோல் வளைந்து செல்கின்றது. இந்தியச் சிற்ப மரபோடு கியூபிசத்தை மணம்புணர்த்திய பெருமை அவருக்குரியது. எனினும் ஒன்று கூறவேண்டும்: அவரிடம் கோட்டின் இனிமை ஓங்குமிடத்துப் பொருளின் கனம் குறைகின்றது. தளங்கள் பொருளை ஆராய்வதை விடுத்து அணியாக அமைகின்றன. அவருக்கு அது அடைந்த முடிவு; அதனைத் தொடக்கமாகக் கொள்ளும் மாணவனுக்கோ வெறும் பாவனையாகும்.

ஆகவே மாணவன் கீற்றிடமிருந்தன்று, தன் வீட்டுப் பொருள்களிடமிருந்தே தொடங்குதல் வேண்டும். பித்தளைச் செம்பு, பனையோலைப் பெட்டி, உடைத்த தேங்காய் ஆகிய மூன்றையும் வைத்து, மூன்றிடங்களிலிருந்து தனித்தனியே வரைக. செம்பின் வாய் மேலிருந்து வட்டமாகவும் பக்கத்திலிருந்து கோடாகவும் தோன்றுவதை அறிக. பின்னர் ஒரு தாளில், எத்தளம் எதனோடு சேருமென ஆராய்ந்து பொருத்துக. பொருத்தம் இல்லாத கோட்டை அழிக்க அஞ்சற்க. இரு வண்ணங்களுக்கு மேல் வேண்டா.

1912இல் பிக்காசோ பிரம்புக் கதிரையின் பின்னல் அச்சிட்ட மெழுகுத் துணியை ஓவியத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றைச் சட்டமாக அமைத்தார். பிரம்பும் கயிறும் நம் திண்ணையிலும் உள. குறைவது பொருளன்று, பொருளைச் சுற்றிவந்து நோக்கும் பொறுமையே.