அந்தப் பக்கம்: 'நசீர்' படத்தை மறுபடி பார்த்தபோது

எங்கள் வீட்டில் 'அந்தப் பக்கம்' என்றால் ஒரே அர்த்தம்தான். டவுன்ஹாலைத் தாண்டி, உக்கடம் போகிற வழியில் இருக்கும் கோட்டைமேடு. அம்மா அந்த இடத்தைப் பெயர் சொல்லிச் சொன்னதே கிடையாது. தீபாவளித் துணி எடுக்க ஒப்பணக்கார வீதிக்குக் கிளம்பும்போது, "கடையோட வந்துறணும் கண்ணு, அந்தப் பக்கமெல்லாம் போகக் கூடாது" என்பார். கோபமோ வெறுப்போ எதுவும் அந்தக் குரலில் இருக்காது. மழை வருது, குடை எடுத்துக்கோ என்பதைப் போலத்தான் சொல்வார்.

அருண் கார்த்திக்கின் 'நசீர்' படத்தை முதலில் பார்த்தது 2020 ஊரடங்கில். அந்த வருஷம் ராட்டர்டாம் விழாவில் நெட்பேக் விருது வாங்கிய படம். உலகத் திரைப்பட விழாக்கள் எல்லாம் முடங்கிப்போய், யூடியூபில் சேர்ந்து ஒரு விழா நடத்தினார்களே, அதில் வந்தது. நம்ம ஊர்ப் படம், நம்ம ஊர்க்காரர் எடுத்தது என்ற பெருமையோடு உட்கார்ந்தேன். படம் முடிந்ததும் நண்பர்களுக்கு நான் அனுப்பியது ஒரே வரி: "கிளைமாக்ஸ் அடிச்சுப் போட்டுருச்சுடா." அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

போன மாதம் அத்தை பெண் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அம்மாவோடு போயிருந்தேன். கடையில் ஒரு பாய். அம்பது வயசுக்கு மேல் இருக்கும். நாற்பது புடவையாவது விரித்துப் போட்டிருப்பார். ஒவ்வொன்றையும் தோளில் சாய்த்துக் காட்டி, முந்தானையை மடித்துப் பிடித்து, "இது பாருங்கம்மா, வெயில்ல இன்னும் எடுப்பா இருக்கும்" என்றார். அம்மா மூன்று எடுத்தார். மீதிப் புடவைகளை அவர் ஒவ்வொன்றாகத் திரும்ப மடிக்கிறதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். முன்பு எப்போதும் அதைப் பார்த்ததில்லை. நாம் பில் போடப் போய்விடுகிறோம், மடிக்கிறது அதற்குப் பிறகுதானே நடக்கிறது. அன்றைக்கு ராத்திரி 'நசீர்' படத்தை மறுபடி போட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. கோவையில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளராக இருக்கும் நசீரின் ஒரு நாள். மனைவி தாஜ் சில நாட்களுக்கு ஊருக்குப் போகிறாள். வீட்டில் வயதான அம்மாவும், மனவளர்ச்சி குன்றிய இக்பால் என்ற பையனும். நசீர் மனைவியைப் பஸ் ஏற்றிவிட்டு வேலைக்குப் போகிறார். கடையைச் சுத்தம் பண்ணுகிறார், பொம்மைகளுக்குத் துணி கட்டுகிறார், வாடிக்கையாளர்களிடம் பேசுகிறார். மனசுக்குள் தாஜுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறார். வேலை முடிந்து ராத்திரி வீடு திரும்பும் வழியில் ஒரு கும்பல் அவரைக் கொன்றுவிடுகிறது. அவ்வளவுதான். ஒன்றரை மணி நேரம்கூட இல்லாத படம். பாண்டிச்சேரி நாடகக்காரர் குமரன் வளவன் நசீராக வருகிறார். நடிக்கிறார் என்று சொல்ல வாய் வரவில்லை. பத்து வருஷமாக அந்தக் கடையில் வேலை பார்ப்பவர் மாதிரி இருக்கிறார்.

திலீப்குமாரின் 'ஒரு குமாஸ்தாவின் கதை' என்ற சிறுகதைதான் படத்துக்கு மூலம். திலீப்குமாரும் கோவையில் பிறந்தவர், தாய்மொழி குஜராத்தி, எழுதியது தமிழில். ஊருக்கு உள்ளேயே இருந்துகொண்டு கொஞ்சம் விலகி நின்று பார்க்கிற அந்தக் கண் படத்துக்கும் வந்திருக்கிறது.

தமிழ் சினிமாவில் எங்கள் ஊருக்கு ஒரு விசித்திரமான இடம் உண்டு. பொள்ளாச்சித் தென்னந்தோப்பும் கோபி வயலும் எத்தனையோ படங்களில் வேறு ஊராக வேஷம் கட்டியிருக்கின்றன. 'தேவர் மகன்' ஊரே பொள்ளாச்சிதானே. எங்கள் பேச்சு என்றால் பெரும்பாலும் சிரிப்புக்கு. 'சதி லீலாவதி'யில் கமலும் கோவை சரளாவும் பேசினால் தியேட்டரே குலுங்கும். கோயம்புத்தூர்க்காரன் மரியாதையானவன், 'ங்க' போடாமல் பேச மாட்டான், சிறுவாணித் தண்ணி குடிச்சவன் என்று நாங்களும் அதை நம்பிக்கொண்டோம். மற்ற ஊர்க்காரர்களிடம் சொல்லிப் பெருமையும் பட்டுக்கொண்டோம். டவுனுக்கு உள்ளே இருக்கிற சந்துகள், குடத்தோடு தண்ணிக்கு நிற்கிறவர்கள், கடைக்குப் பின்னால் இருக்கிற குடோன், இதெல்லாம் திரைக்கு வந்ததே அபூர்வம்.

'நசீர்' அதைக் காட்டுகிறது. ஆனால் இரண்டாம் தடவை என்னைப் பிடித்து நிறுத்தியது படத்தின் சத்தம். நசீர் தெருவில் நடக்கும்போது எங்கோ ஒலிபெருக்கியில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. மதத்தின் பேரால் ஆட்களைக் கூட்டுகிற பேச்சு. யாரும் நின்று கேட்பதில்லை. நசீரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடையிலும் அவரை வைத்துக்கொண்டே 'அவங்களை'ப் பற்றிய பேச்சு சாதாரணமாக வந்து போகிறது. முதல் தடவை இதெல்லாம் என் காதில் விழவே இல்லை. நிஜமாகவே விழவில்லை. பஸ் ஹாரன், டீக்கடைப் பாட்டு மாதிரி அதுவும் ஒரு ஊர்ச்சத்தம் என்று மூளை ஒதுக்கித் தள்ளிவிட்டது. அதனால்தான் கடைசிக் காட்சி எனக்கு எங்கிருந்தோ வந்து அடித்த அடியாக இருந்தது. இந்தத் தடவை அந்தச் சாவு காலையிலிருந்தே படத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 'எதிர்பாராத முடிவு' என்று அப்போது எழுதியவர்களில் நானும் ஒருத்தன். எதிர்பார்க்காததற்குக் காரணம் படத்தில் இல்லை, நான் வளர்ந்த காதில் இருந்தது.

படத்தின் மேல் ஒரு விமர்சனம் உண்டு, எனக்கும் அது இருந்தது. நசீர் ரொம்ப நல்லவர். கவிதை சொல்கிறார், மனைவியை உருகி நேசிக்கிறார், யாரையும் எதிர்த்துப் பேசுவதில்லை. ஒரு முஸ்லிம் சாவுக்கு நாம் அழ வேண்டுமென்றால் அவர் இவ்வளவு மென்மையானவராக இருந்தே ஆகணுமா? கோபக்காரராக, வாய்த்துடுக்கு உள்ளவராக, மாசக் கடைசியில் நாலு பேரிடம் கடன் சொல்கிறவராக இருந்தால் அந்தக் கொலை கொஞ்சம் குறைந்த கொலை ஆகிவிடுமா? இந்தக் கேள்வி இப்போதும் முழுசாகத் தீரவில்லை. அந்தக் காதல் கடிதம் சில இடங்களில் நம்மிடம் இரக்கத்தைக் கேட்டு வாங்குகிறது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் படம் பெரும்பாலான நேரம் கேட்பது வேறு. சவும்யானந்த சாஹியின் கேமரா, பழைய டிவிப் பெட்டி மாதிரியான அந்த 4:3 சட்டத்துக்குள், நசீரின் கைகளையும் முதுகையும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. நீ இவரோடு ஒரு நாள் முழுக்க இரு, என்று மட்டும் கேட்கிறது. துணி விரிப்பதையும் மடிப்பதையும் நாம் பக்கத்தில் நின்று பார்த்துவிடுகிறோம். அதன் பிறகு அவர் நல்லவரா இல்லையா என்பது பெரிய விஷயமாக இல்லை. கடைசியில், அதுவரை நிதானமாக இருந்த கேமரா பதறும்போது, நமக்குத் தெரிந்த ஒரு ஆளைத்தான் அடிக்கிறார்கள்.

கொஞ்சம் ஊர்க்கதை சொல்லணும். 1997 நவம்பர் 29 அன்று செல்வராஜ் என்ற போக்குவரத்துக் காவலர் கொல்லப்பட்டார். அடுத்தடுத்த நாட்களில் நடந்த கலவரத்திலும் துப்பாக்கிச்சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள், கடைகள் சூறையாடப்பட்டன. 1998 பிப்ரவரி 14 அன்று தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள், 200 பேருக்கு மேல் காயம். குண்டுவெடிப்பு எங்கள் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். நவம்பர் கடைசியில் நடந்ததைக் கேட்டால் என் வயசு ஆட்களில் பாதிப் பேர் முழிப்பார்கள். நானும் கல்லூரிக்குப் போன பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். வீட்டில் எங்களுக்குச் சொல்லப்பட்ட கதை பிப்ரவரியில்தான் ஆரம்பிக்கும். அந்த 58 பேரின் சாவு எந்தக் கணக்கிலும் சிறிசாகிவிடாது. ஆனால் ஒரு ஊர் தன் கதையை எந்த மாதத்திலிருந்து ஆரம்பிக்கிறது என்பதில் 'அந்தப் பக்கம்' என்ற சொல்லின் வேர் இருக்கிறது.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு வருஷத்துக்கு மேல் ஒப்பணக்கார வீதிக்கே போகவில்லை, காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டிலேயே துணி எடுத்தோம். சாப்பாட்டு நேரத்தில் சொந்தக்காரர் ஒருவர் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது: "அவங்களையெல்லாம் நம்பக் கூடாதுங்க." ஆமாம், 'ங்க' போட்டுத்தான் சொன்னார். எங்கள் மரியாதைத் தமிழ் அந்த வாக்கியத்திலும் பிசகவில்லை. 'நசீர்' படத்தை ஊர்க்காரனாக மறுபடி பார்க்கும்போது வலிக்கிற இடம் இது. கொல்கிற கும்பலை நாம் எளிதாக வெறுத்துவிடலாம், அதில் நாம் இல்லை. கடையில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுகிறவர்களின் குரல் இருக்கிறதே, அது எங்கள் சாப்பாட்டு மேஜையில் கேட்ட குரல்.

நசீர் வாழ்வது அந்தப் பக்கம். வேலை பார்ப்பது இந்தப் பக்கம். காலையில் அவர் இங்கே வருவதில் யாருக்கும் பிரச்சனை இல்லை. புடவை விரிக்க, பொம்மைக்குத் துணி கட்ட அவர் வேண்டும். ராத்திரி திரும்பிப் போகிற வழியில்தான் அவர் சாகிறார். படம் என்னிடம் விட்டுப்போனது இந்தத் தூரத்தைத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் புடவைக்கடை வாசலிலிருந்து கோட்டைமேடு வரை நடந்து பார்த்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. முப்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், இதுதான் முதல் தடவை. ஒரு கடையில் டீ குடித்தேன். என்னை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை, அவரவர் வேலை அவரவருக்கு. வீட்டுக்கு வந்ததும் அம்மா, "எங்க கண்ணு போயிருந்த, இத்தன நேரம்?" என்றார்.

"கோட்டைமேடும்மா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தப் புடவைக்கடை பாய் வீடு அங்கதான் இருக்கும்போல" என்றார்.