கரையும் முகப்பும்

1

'ரிவர் ஃப்ரண்ட்' என்ற சொல்லுக்குத் தமிழில் 'ஆற்றங்கரை' என்று போட்டுவிட்டு மேலே போய்விடுகிறோம். தினசரிகள் அப்படித்தான் செய்கின்றன. அரசு அறிக்கைகளும் அப்படித்தான். ஆனால் 'ஃப்ரண்ட்' என்றால் முகப்பு. கரை ஆற்றுக்குச் சொந்தமானது. அதற்கு மண் உண்டு, சரிவு உண்டு, ஒரு வெள்ளத்தில் அழிந்து இன்னோரிடத்தில் உருவாகிற சுபாவம் உண்டு. முகப்பு கட்டடத்தின் உறுப்பு. பார்க்கிறவனை உத்தேசித்து ஏற்படுவது. ஆற்றுக்கு முகப்பு வைப்பது என்று ஒரு நகரம் தீர்மானித்துவிட்டால், அப்புறம் ஆறு வெறும் காட்சிப்பொருள்தான். சென்னையில் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் ஐம்பது வருஷங்களுக்கு மேலாக நடந்துவருவதை இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்று நினைக்கிறேன். இலக்கியப் பத்திரிகையில் இதைப் பேச வேண்டுமா என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் திட்டங்களில் சிமெண்டுக்கு அடுத்தபடியாக அதிகம் செலவாகியிருப்பது இலக்கியம்தான்.

1967ல், அண்ணாதுரை முதலமைச்சராக இருந்தபோது, கூவம் சீரமைப்புத் திட்டம் ஆரம்பமாயிற்று. வண்டல் எடுத்தார்கள், கரைக்குச் சாய்வுச் சுவர் கட்டினார்கள், 1973ல் படகும் விட்டார்கள். படகில் ஏறி இறங்கக் கட்டிய ஏழு துறைகளுக்குக் கடையெழு வள்ளல்களின் பெயர்களைச் சூட்டினார்கள். பாரி, காரி, ஓரி, அதியமான் என்று வரிசையாக, சாக்கடையின் ஓரத்தில். படகுகள் சீக்கிரமே நின்றுபோயின. துறைகள் சிதைந்தன. நாற்றம் போகவில்லை.

அந்தத் திட்டத்தில் பொறியியல் வேலை எதுவுமே நடக்கவில்லை என்பது என் வாதமில்லை. கவனிக்க வேண்டியது, எந்த இடத்தில் நிறைவு கண்டார்கள் என்பதை. கூவம் நாறுவதற்குக் காரணம் ஸ்தூலமானது. ஊருக்கு மேலே, கொரட்டூர் அணைக்கட்டில், ஆற்றின் தண்ணீர் பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திருப்பப்படுகிறது. நகரத்தின் குடிநீருக்காக. அந்த அணைக்கட்டுக்குக் கீழே, மழைக்காலம் போக மற்ற நாட்களில், ஆற்றுக்குக் கிடைப்பது நகரம் திருப்பிக் கொடுக்கிற கழிவு மட்டும். கீழ்க்கோடியிலோ துறைமுகம் கட்டிய நாளிலிருந்து அதன் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து முகத்துவாரத்தை அடைக்கிறது. மேலே தண்ணீர் இல்லை, கீழே வாய் இல்லை. நடுவில் பாரியின் பெயரில் ஒரு படித்துறை.

மேடைத் தமிழையும் அடுக்குமொழிக் கவிதையையும் எதிர்த்து நம் சிறுபத்திரிகைகள் ஒரு காலத்தில் எவ்வளவோ எழுதின. சொல் அனுபவத்திலிருந்து வர வேண்டும், வெளியிலிருந்து எடுத்து ஒட்டப்பட்ட அழகு அழகாகாது என்பதுதான் அந்த விவாதத்தின் சாரம். அதைக் கவிதையோடு நிறுத்திக்கொண்டோம். அதே அலங்கார ருசி கவிதையிலிருந்து வெளியேறி, ஒப்பந்தக்காரரையும் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போயிற்று. அங்கே அதை விமர்சிக்க ஆள் இல்லை. கூவம் ஊருக்குள் வருவதற்கு முன்னால் அதற்கு இலக்கிய கௌரவம் இல்லாமலில்லை. சம்பந்தர் பாடிய திருவிற்கோலம் இதே கூவம் என்கிற கிராமத்தில்தான் இருக்கிறது. அவர் பாடிய திருவேற்காடும் இந்த ஆற்றின் ஓரம்தான். 1971ல் சிட்டியும் ஜானகிராமனும் காவேரியோடு நடந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். காவேரிக்கு நேர்ந்த அந்தக் கௌரவத்தைக் கூவத்துக்குத் தரும் எண்ணம் நம் வட்டத்தில் எழவில்லை. நாம் விட்ட இடத்தில் பெயர்ப்பலகை எழுதுகிறவர்கள் புகுந்தார்கள்.

2

அடையாறு கடலில் சேருமிடத்தில் 58 ஏக்கரில் 2011 ஜனவரியில் ஒரு பூங்கா திறக்கப்பட்டது. பெயர், தொல்காப்பியப் பூங்கா. முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டட இடிபாடுகளும் குப்பையும் கொட்டிக் கிடந்த கழிமுகத்தை மீட்டு, அலையாத்திச் செடிகள் வைத்து, பறவைகள் திரும்பி வரும்படி செய்தது நல்ல காரியம். கூவத்துப் படித்துறை மாதிரி வெறும் பெயரோடு அது நிற்கவில்லை. நல்ல காரியம் என்பதாலேயே அதன் பெயரை மரியாதையோடு, அதாவது அர்த்தத்தோடு, எடுத்துக்கொண்டு பார்க்கலாம்.

தொல்காப்பியம் ஒரு நிலத்தை எப்படிப் பார்க்கிறது? நிலமும் பொழுதும் முதற்பொருள். அதில் தோன்றுவன கருப்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் என்று அது எண்ணிக்கொண்டு போகிறது. மரமும் பறவையும் இருக்கிற அதே பட்டியலில் உணவும் தொழிலும் பறையும் இருக்கின்றன. பிரித்தெடுத்த 'இயற்கை' என்று ஒன்று அந்த நூலுக்குத் தெரியாது. நெய்தல் என்றால் கடல் மட்டுமல்ல, வலையும் உப்பும் உணங்கும் மீனும் சேர்ந்தது. பூங்காவோ மரத்தையும் புள்ளையும் எடுத்துக்கொண்டு, தொழிலையும் உணவையும் பறையையும் மதிலுக்கு வெளியே விட்டுவிட்டது. முகத்துவாரத்தில் வலை வீசுகிறவன் அதில் இல்லை. திறந்து பல வருஷங்கள் வரைக்கும், வேண்டுமென்கிறபோது நுழைந்து உட்கார்ந்துவிட்டு வருகிற இடமாகவும் அது இருக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப் போய்க் காட்டுகிற இடமாக இருந்தது. தொல்காப்பியத்தின் பெயரால், தொல்காப்பியத்துக்கு நேர் எதிரான ஒரு நிலக் கொள்கை. இது வெறும் பெயர்ப் பொருத்தக் குறை என்று ஒதுக்க முடியாது. நிலத்தையும் அதில் பிழைக்கிறவனையும் பிரித்துவிடலாம் என்ற எண்ணம்தான் மற்ற எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம்.

முகப்பு என்று ஒன்று வந்தால் அதைப் பார்க்க ஆள் வேண்டும். முகத்துவாரத்தின் வடகரையில், எம்.ஆர்.சி. நகரில், அடுக்குமாடிகள் எழும்பி நிற்கின்றன. என் பிழைப்பு வங்கியில். வீட்டுக் கடன் காகிதங்கள் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். ஒரு கோபுர அடுக்ககத்தின் விலைப்பட்டியலைப் படிப்பது பல சமயம் ஒரு நாவல் படிப்பதைவிட உபயோகமானது. சதுர அடிக்கு இவ்வளவு. மாடி ஏற ஏற அதற்காகத் தனிக் கட்டணம். அதற்கும் மேலே, பூங்காவையோ நீரையோ பார்த்த வீடு என்றால் 'விருப்ப இடக் கட்டணம்' என்று இன்னொரு வரி. காட்சிக்கு ரூபாய் மதிப்பு ஏற்பட்டுவிட்டது. அந்த மதிப்பை உண்டாக்கியது ஆறு. ஆற்றைச் சுத்தம் செய்தது பொதுப்பணம். வசூலிப்பது அந்த மனையின் உடைமைக்காரர். ஆறு நிஜமாக ஓடுகிறதா என்பது அந்தப் பட்டியலுக்கு அவசியமில்லை. பத்தாவது மாடியிலிருந்து நாற்றம் தெரியாது.

3

கோபுரங்களில் இன்னொரு வகையும் இருக்கிறது. பெரும்பாக்கத்தில், தரைத்தளத்துக்கு மேல் ஏழு மாடிகளாக, 20,000க்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் திட்டமிட்டுக் கட்டிய குடியிருப்பு அது. ஆற்றைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஆற்றின் பக்கத்தில் கோபுரம். ஆற்றோடு இருந்தவர்களுக்கு நகரத்தின் நடுவிலிருந்து 25 கிலோமீட்டருக்கும் அப்பால் கோபுரம். இரண்டும் ஒரே திட்டத்தின் இரண்டு முகங்கள் என்று யாரும் சேர்த்துப் பேசுவதில்லை. 2015ல் 600 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்டுத் தொடங்கிய கூவம் சீரமைப்பில், கரையில் நடைபாதையும் பூங்காவும் ஒரு அங்கம். 14,000க்கும் மேற்பட்ட குடும்பங்களை அகற்றுவது இன்னொரு அங்கம். 2019 டிசம்பரில் தீவுத்திடலுக்குப் பக்கத்தில் சத்தியவாணிமுத்து நகரை இடித்தபோது பள்ளி ஆண்டு பாதிதான் முடிந்திருந்தது.

இடிக்கிற எந்திரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே சொற்கள் வந்து இடத்தைத் தயார் செய்துவிடுகின்றன. 1970ல் ஏற்பட்ட வாரியத்துக்கு இங்கிலீஷில் 'ஸ்லம் கிளியரன்ஸ் போர்டு' என்று பெயர். தமிழில் 'குடிசை மாற்று வாரியம்'. இங்கிலீஷ் துடைத்தெறியச் சொல்கிறது. தமிழ் மாற்றித் தரச் சொல்கிறது. இந்த இரண்டு வினைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தில் ஒரு காலத்தில் கொஞ்சம் நேர்மை இருந்தது. ஏழையின் சிரிப்பையும் இறைவனையும் ஒரே வாசகத்தில் கோத்துக்கொண்ட அந்த வாரியம் எழுபதுகளில் கட்டிய குடியிருப்புகளில் பல, குடிசை இருந்த இடத்திலேயே அல்லது கூப்பிடு தூரத்தில் எழுந்தவை. கட்டடம் மோசமாக இருந்திருக்கலாம்; ஆனால் மாற்றினார்கள். 2000ல் கண்ணகி நகர் வந்ததிலிருந்து தமிழ்ப் பெயர் இங்கிலீஷ் பெயரின் அர்த்தத்துக்கு இறங்கிவிட்டது. 2021ல் பெயரே மாறி, 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' ஆயிற்று. குடிசை என்கிற சொல்லையும் அப்புறப்படுத்தியாயிற்று.

கண்ணகி நகர் என்ற பெயரை யோசித்துப் பாருங்கள். நகரம் செய்த அநியாயத்துக்காக நகரத்தையே கொளுத்தியவள் கண்ணகி. நகரத்தை விட்டு அகற்றப்பட்டவர்களைக் குடிவைத்த இடத்துக்கு அவள் பெயரை வைத்தவருக்குச் சிலப்பதிகாரம் தெரியாமலிருக்க நியாயமில்லை. தெரிந்தும் உறைக்கவில்லை, அவ்வளவுதான். பெயர் ஒரு அர்த்தமாக இல்லாமல் மாலையாக மட்டும் ஆகிவிட்டால் உறைக்காது. பக்கத்திலேயே எழில் நகர் என்று ஒன்றும் உண்டு. 2020ல் கண்ணகி நகர்ச் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்கள் தீட்டினார்கள். ஓவியங்கள் மோசம் என்று சொல்லமாட்டேன். சில நன்றாகவே இருக்கின்றன. ஆனால் சுவருக்கு உள்ளே பத்தடி அறையில் எத்தனை பேர் என்ற கேள்விக்குச் சுவருக்கு வெளியே வர்ணத்தில் பதில் சொல்லப்பட்டது. வள்ளல்களின் பெயரில் துறை கட்டியதற்கும் இதற்கும் வித்தியாசம் காண்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அப்புறம் 'ஆக்கிரமிப்பு'. 2015 டிசம்பர் 1ந்தேதி இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து அடையாற்றில் 29,000 கன அடி வீதம் தண்ணீர் திறந்துவிடப்பட்டு நகரம் மூழ்கியபிறகு, இந்தச் சொல்லுக்குத் தார்மிக பலமும் சேர்ந்துகொண்டது. ஆற்றில் வீடு கட்டினால் வெள்ளம் வராதா என்றார்கள். சரி. விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேலேயே பாலம் போட்டு நீட்டப்பட்டிருக்கிறது. மதுரவாயல்–துறைமுகம் பறக்கும் சாலைக்குக் கூவத்துக்குள்ளேயே தூண் போட்டார்கள். பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்ஹாம் கால்வாயில். இவற்றுக்கு 'கட்டமைப்பு' என்று பெயர். ஓலைக்கும் தகரத்துக்கும் மட்டும் ஆக்கிரமிப்பு. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி அகற்றப்பட்டவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்துத் தாழ்வான பூமியில். அங்கேயும் மழைக்குத் தண்ணீர் நிற்கிறது. நீர்நிலைக் கரையும் மேய்ச்சல் நிலமுமாக, எவனுக்கும் தனிச்சொத்தாகாமல் பொதுவில் கிடந்த பூமிக்குக் கணக்குப்பிள்ளைகள் வைத்த பெயர் புறம்போக்கு. சென்னைத் தமிழில் அது இன்று வசைச்சொல். பொதுவுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான வரலாறு கிடையாது.

4

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் பேசியபோது அவர் சொன்ன மறுப்பு லேசானதல்ல. "சாக்கடை ஓரத்தில் கக்கூஸ் இல்லாமல் இருந்தவனுக்கு ஒரு வீடு கிடைத்திருக்கிறது, குழாய் கிடைத்திருக்கிறது. நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து அவன் குடிசைக்குக் காவியம் பாடுகிறீர்கள். சாபர்மதிக்குப் போய்ப் பாரும், சாயங்காலம் சாதாரண ஜனங்கள் குழந்தை குட்டியோடு நடக்கிறார்கள். அழகு அவர்களுக்கு வேண்டாமா?"

வேண்டும். குடிசைக்கு நான் காவியம் பாடவில்லை. கூவத்தின் கரையில் ஒருவரும் அப்படி இருக்கக் கூடாது. ஆனால் வீடு என்பது நாலு சுவரும் குழாயும் மட்டும்தானா? வேலை, பள்ளிக்கூடம், கைமாற்று கொடுக்கிற பக்கத்து வீடு, ராத்திரி கடைசி பஸ் எல்லாம் சேர்ந்துதான் வீடு. எழுபதுகளில் அருகிலேயே கட்டித்தர முடிந்த அரசுக்கு, கஜானா பலமடங்கு பெருத்த பிறகு முடியாமல்போனதற்கு இடமில்லாதது காரணமல்ல. இடத்துக்கு விலை ஏறியது காரணம்.

சாபர்மதி விஷயம் இன்னும் சுவாரசியமானது. 1997ல் அகமதாபாத் அதற்கென்று ஒரு கம்பெனியே ஏற்படுத்திற்று. கரையை நதிக்குள் நகர்த்தி, அகலத்தை ஒரே சீராக்கி, சுமார் 200 ஹெக்டேர் நிலத்தை நதியிடமிருந்து எடுத்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அகற்றப்பட்டன. எடுத்த நிலத்தில் ஒரு பங்கை விற்றுச் செலவை ஈடுகட்டுவது என்பது ஏற்பாடு. நதியில் நிற்கிற தண்ணீர் சாபர்மதியுடையதல்ல. நர்மதைக் கால்வாயிலிருந்து வருவது. வாஸ்ணா தடுப்பணை அதைத் தேக்கி நிறுத்துகிறது. அந்த அணையைத் தாண்டிக் கீழே போனால் நதி மறுபடியும் சாக்கடையும் சாயக்கழிவும்தான். அழகாக இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் இரவல் அனுபவத்தில் எழுதிய கவிதையும் முதல் வாசிப்பில் அழகாகத்தான் இருக்கும். அடுத்த வரி என்ன ஆகிறது என்று பார்ப்பதற்குத்தான் விமர்சனம் என்று ஒன்று வேண்டியிருக்கிறது. சாபர்மதிக்கு அடுத்த வரி வாஸ்ணாவுக்குக் கீழே.

பூங்கா வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கரையில் உட்கார ஒரு இடம், நிழல், குழந்தைகள் ஓட வெளி – இவை ஒரு நகரம் தன் ஜனங்களுக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை. அந்த மரியாதையை முன்னால் அங்கே இருந்தவனிடமிருந்து தொடங்காத பூங்கா முகப்புதான், கரையாகாது. ஒரு கவிதையிடம் நாம் கேட்கிற கேள்விகளையே அரசாணையிடமும் கேட்கலாம். இந்தச் சொல் எதற்காக இங்கே வந்தது? எதை மறைக்கிறது? எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? நம் பத்திரிகைகளுக்கு முந்நூறு வாசகர்கள் இருக்கலாம். அந்த முந்நூறு பேருக்குச் சொற்களைச் சோதிக்கத் தெரியும். அந்த வேலையை அரசு அறிக்கைகளிலும் நாம் செய்யாவிட்டால் செய்வதற்கு வேறு ஆட்கள் இல்லை.

கூவத்துக்கு இப்போது வேண்டியது கொரட்டூருக்குக் கீழே தண்ணீர். பெயர் அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.