கேட்பதற்கு ஒரு மணி நேரம்

பாஸ்டன் வழக்கறிஞர் கென்னத் ஸ்வார்ட்ஸ் 1995இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். செவிலியரும் மருத்துவர்களும் காட்டிய பரிவே தன்னைத் தாங்கியது என்று இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு எழுதினார். அப்படிப் பரிவு காட்டுகிறவர்களை யார் தாங்குவது? அவர் பெயரிலான மையம் அதற்காக 1997இல் தொடங்கியவைதான் ஸ்வார்ட்ஸ் சுற்றுகள். 2009இல் அவை இங்கிலாந்துக்கும் வந்தன.

பெரும்பாலும் மாதம் ஒருமுறை, ஒரு மணி நேரம், சாப்பாடும் உண்டு. மருத்துவமனைப் பணியாளர்களில் மூன்று நான்கு பேர் தங்களை உலுக்கிய ஒரு நோயாளியைப் பற்றிப் பேசுவார்கள். அறுவை மருத்துவரும் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவரும் ஒரே அறையில் உட்கார்ந்து கேட்பார்கள். சிகிச்சை சரியா தவறா என்று அலசக் கூடாது, தீர்வும் சொல்லக் கூடாது. இந்தக் கட்டுப்பாடுதான் இதன் உயிர். இறந்த குழந்தையின் தாயிடம் பேச நா எழவில்லை என்று பெரிய டாக்டரே சொல்லும்போது, ‘எனக்கு மட்டும்தான் இப்படியா’ என்று குமைந்துகொண்டிருந்த இளம் செவிலியின் வெட்கம் விலகும். பணியாளர் நலனுக்கென நடத்தும் எந்த யோகா வகுப்பும் இதைச் செய்யாது.

இந்தச் சுற்றுகளைப் பற்றிப் பேராசிரியர் ஜில் மேபன் குழு செய்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. தவறாமல் வந்தவர்களிடையே மன உளைச்சல் உள்ளவர்களின் விகிதம் 25 சதவீதத்திலிருந்து 12 ஆகக் குறைந்தது. வராதவர்களிடையே 37 இலிருந்து 34 தான். எல்லோரும் அந்த 12ஐக் கொண்டாடுகிறார்கள். என் கண் 37இல் நிற்கிறது. இரு தரப்பும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவை அல்ல. வராதவர்கள் தொடக்கத்திலேயே கூடுதலாக நொந்திருந்தார்கள். ஆள் பற்றாக்குறையான வார்டிலிருந்து மதியம் ஒரு மணி நேரம் எழுந்துவர எந்தச் செவிலியால் முடியும்? இரவு ஷிப்ட் முடித்தவர் அந்நேரம் வீட்டில் தூங்குகிறார். மருந்து அதிகம் தேவைப்படுகிறவருக்கே அது எட்டவில்லை.

இன்னொரு குறை, தீர்வு சொல்லக் கூடாது என்ற அந்தக் கட்டுப்பாட்டிலேயே இருக்கிறது. துக்கத்துக்குத் தீர்வு தேடாதிருப்பது சரி. ஆனால் ஒருவர், ‘அன்றிரவு வார்டில் இரண்டே பேர் இருந்தோம்’ என்று சொன்னால் அது நிர்வாகம் பதில் சொல்ல வேண்டிய செய்தி. சுற்றில் அதுவும் பெருமூச்சோடு முடிந்துவிடக் கூடும். பணியாளர் நலனுக்கு இதோ சுற்று நடத்துகிறோம் என்று காட்டிவிட்டு, காலிப் பணியிடங்களை அப்படியே விட்டுவைக்கும் ஆபத்தும் உண்டு.

அதற்காகக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் சுற்று இன்னொரு அலுவல் கூட்டமாகிவிடும். பணிச்சுமை பற்றிய புகாருக்குத் தனி வழி வேண்டும். சுற்று நடக்கும் வேளையில் வார்டுக்கு மாற்று ஆள் அனுப்ப வேண்டும், இரவுப் பணியாளர்களுக்கு அவர்கள் நேரத்தில் ஒரு சுற்று வைக்க வேண்டும். அதற்கான செலவை நிர்வாகம் ஏற்க வேண்டும்.