நாலு மணிக் காபி

மூளை தெளிவாக இருக்கும் மணிகளில் கடினமான வேலையை வைத்துக்கொள்ளுங்கள், கடிதம் பார்ப்பதையும் கோப்பு அடுக்குவதையும் மந்தமான மணிகளுக்குத் தள்ளுங்கள் என்று நிர்வாகப் பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். நம் வீடுகளுக்கு இது பழைய சங்கதி. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் நாலு மணிக்கே விளக்கு எரியும். பிரம்ம முகூர்த்தத்தில் படித்தது மறக்காது என்பார்கள் பெரியவர்கள்.

இந்த யோசனையின் அடிப்படையில் பிழையில்லை. உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதை இயக்கும் மரபணுக்களைப் பழ ஈக்களிடம் கண்டறிந்து விளக்கிய ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மதியம் இரண்டு மணிவாக்கில் கண்ணைச் சுழற்றுவதைச் சோம்பல் என்று திட்டுவது நியாயமில்லை. சாப்பிடாமல் இருந்தாலும் அந்தத் தொய்வு வரும்.

கோளாறு, எல்லோருக்கும் ஒரே மணியை விதிப்பதில் தொடங்குகிறது. 1938-ல் தூக்க ஆய்வாளர் நத்தானியேல் கிளைட்மன், தன் மாணவர் புரூஸ் ரிச்சர்ட்சனுடன் அமெரிக்காவின் மாமத் குகைக்குள் 32 நாட்கள் தங்கினார். சூரியன் தெரியாத இடத்தில் 28 மணி நேரத்தை ஒரு நாளாக வைத்து வாழ்ந்து பார்ப்பது அவர்கள் திட்டம். இளைஞரின் உடல் பழகிக்கொண்டது. நாற்பதைத் தாண்டிய கிளைட்மனின் உடல் கடைசிவரை இணங்கவில்லை. ஆளுக்கு ஆள் உடல் வேறுபடுகிறது, வயதுக்கு வயதும் மாறுகிறது. பதின்பருவத்தில் தூக்கம் வரும் நேரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2014-ல் பரிந்துரைத்ததற்கு இதுவே காரணம். பதினொரு மணிக்குப் படுத்த பதினேழு வயதுப் பிள்ளையை நாலு மணிக்கு எழுப்பினால், படித்ததை மூளை பதித்துவைக்கும் தூக்கத்தையே வெட்டுகிறோம்.

ஆனாலும் அந்த நாலு மணியை நான் முழுக்கத் தள்ளமாட்டேன். ஒற்றை அறை வீட்டில், தொலைக்காட்சியும் தம்பி தங்கைகளும் ஓய்ந்து, தெருவும் அடங்கிய நேரம் அது ஒன்றுதான். அங்கே பிள்ளைக்குக் கிடைக்கும் பலன் முகூர்த்தத்தால் வருவதில்லை, அமைதியால் வருகிறது. அந்த அமைதியை இரவு எட்டு மணிக்கே கொடுக்க முடிந்த வீடு, விடியலுக்கு முன் எழுப்பத் தேவையில்லை.

வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும் நூற்பாலைத் தொழிலாளிக்கு, உன் உச்ச நேரத்தைத் தேடு என்ற அறிவுரையால் எந்தப் பயனும் இல்லை. அவருடைய மணிகள் அவர் கையில் இல்லை. மணிகள் கையில் இருப்பவர்களுக்கும் அவை தானாக வாய்த்துவிடுவதில்லை. இங்கிலாந்தின் அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே பல நாவல்கள் எழுதிய அந்தோனி டிரோலோப், காலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்துவிடுவார். இந்த ஒழுங்கைப் புகழாதவர் குறைவு. அவரை எழுப்பிக் காபி கொடுக்க ஒரு முதிய பணியாள் இருந்தார். அந்த வேலைக்காக ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம் பெற்றார். டிரோலோப் தன் சுயசரிதையில் அவரை நன்றியோடு குறிப்பிடுகிறார். எழுத்தாளரின் தெளிந்த மூன்று மணி நேரத்துக்காக இன்னொருவர் அவருக்கும் முன்பே எழுந்தார்.

நம் வீட்டில் அந்த வேலையைச் செய்பவர் அம்மா. மூன்றே முக்காலுக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைப்பவர், பிள்ளை பள்ளிக்குப் போன பின் தானும் வேலைக்கு ஓடுபவர், இரவு பாத்திரம் கழுவிய பிறகே படுப்பவர். அவருடைய தெளிவான நேரம் எது என்று எந்தப் பயிற்சி வகுப்பும் கேட்பதில்லை, நாமும் கேட்டதில்லை. இந்த முறையின் பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறேன்: ஒருவரின் நேரத்தை மட்டும் எடுத்துக் கணக்குப் போடுகிறது.

பிள்ளையின் படிப்பு அட்டவணையைச் சுவரில் ஒட்டும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை படிக்கும் மணிக்குப் பக்கத்தில், அம்மா எத்தனை மணிக்குப் படுக்கிறார் என்பதையும் எழுதுங்கள். நாலு மணிக் காபியைப் பிள்ளையே போட்டுக்கொள்ளட்டும்.