உகப்பு: சொல்லும் ஆட்சியும்

பூர்வாசார்யர்களின் வ்யாக்யானங்களைப் புதிதாகக் கற்போர்க்கென எழுதப்படும் எளியநடை விளக்கங்களில், 'உகப்பு' என்ற சொல் வருமிடமெல்லாம் 'மகிழ்ச்சி' என்றே பெயர்த்துச் செல்வது வழக்கமாகி வருகிறது. 'உகந்தருளின நிலங்கள்' என்பதற்குப் 'பக்தர்கள் மகிழும் தலங்கள்' என்றும், சிலவிடத்து 'வழிபாட்டிற்கு உகந்த இடங்கள்' என்றும் பொருள் கூறப்படுவதுண்டு. அகராதியளவில் இது பெரும்பிழையாகத் தோன்றாது. ஆயினும் உகப்பவன் யார், உகக்கப்படுவது யாது என்னும் நிலையே இதனால் மாறிவிடுகிறது.

'மகிழ்தல்' பெரும்பாலும் செயப்படுபொருள் வேண்டாது நிற்பது. மகனைக் கண்டு மகிழ்ந்தான் என்பதில் 'மகனை' என்பது காண்டலுக்கே உரியது. 'உகத்தல்' அத்தகையதன்று, மகனை உகந்தான் என்றே சொல்லலாம். ஒன்றை உள்ளங்கொண்டு, அதனையே பற்றி எழும் பேருவகை அது. செயப்படுபொருள் வெளிப்படாத இடங்களிலும் அஃது இடம் நோக்கி வருவித்துக்கொள்ளத்தக்கது. இக்காலத்தில் 'நெல்லுக்கு உகந்த மண்' என்று நான்காம் வேற்றுமையோடு வழங்கும்போது சொல் 'ஏற்றது' என்ற அளவில் தேய்ந்துவிட்டது. அத்தேய்ந்த பொருளைக் கொண்டு வ்யாக்யானங்களைப் படிப்பதே குழப்பத்திற்கு மூலம்.

தொல்காப்பியர் உரியியலில் உகப்பு என்பதற்கு உயர்தற்பொருளையே கூறி, உவகைப்பொருளை உவப்பு என்னும் சொல்லுக்கு வைத்தார். உயர எழுதலே உள்ளத்தின் எழுச்சியாயிற்று என்று இதைக்கொண்டு வேர் காட்டுவாரும் உண்டு. கேட்க இனிதாயினும் அருளிச்செயலின் ஆட்சியை அறிய அது வேண்டுவதில்லை.

'உகந்தருளின' என்பதில் 'அருளின' என்ற துணைவினையே வழக்கைத் தீர்த்துவிடும். எழுந்தருளினார், கண்வளர்ந்தருளினார் என்று எம்பெருமானுக்கும் ஆசார்யர்களுக்குமே சந்நிதிகளில் இது வழங்கும். அடியார் தம் செயலைச் சொல்லுமிடத்து 'அருளினோம்' என்பதில்லை. ஆகவே இங்கு உகந்தவன் எம்பெருமான், உகக்கப்பட்டது நிலம். பரமபதம் இருக்க அதனை விட்டு மண்ணில் ஓர் இடத்தை அவன் விரும்பி மகிழ்ந்தான் என்பதே தொடரின் உயிர்.

அடியார் உகப்பதும் உண்டு. அதை வேறு வகையாகச் சொல்வதே மரபு. எம்பெருமானாரின் திருமேனிகளுள் ஸ்ரீபெரும்பூதூரில் உள்ளது 'தானுகந்த திருமேனி'. திருநாராயணபுரத்தில் உள்ளது 'தமருகந்த திருமேனி'. இரண்டிலும் உகக்கப்பட்டது திருமேனியே. உகந்தவர் முன்னதில் உடையவர் தாமே. பின்னதில் அவரைப் பிரிய மாட்டாத அவருடைய அடியார்கள். 'தான்', 'தமர்' என்று எழுவாய் வெளிப்படையாக நிற்பதால் ஐயத்திற்கு இடமில்லை. 'தனக்குப் பொருத்தமான திருமேனி' என்று ஒருவர் எழுதினால் அச்சந்நிதியின் வரலாறே மறைந்துபோகும்.

இனி, வடமொழியின் 'ஆனந்தம்' இருக்க இச்சொல்லுக்குத் தனி இடம் ஏன்? தைத்திரீய உபநிஷத்தின் ஆனந்தவல்லி மனிதனின் ஆனந்தத்தை அளவாக வைத்து, நூறு நூறாகப் பெருக்கி மேலே செல்கிறது. ஆனந்தமயாதிகரணத்தில் 'மயட்' விகாரத்தைக் குறிக்கும் என்ற பூர்வபக்ஷத்தை மறுத்து, ப்ராசுர்யத்தை, அதாவது மிகுதியை, ஸ்ரீபாஷ்யகாரர் நிலைநாட்டினார். மிகுதி என்றால் சிறிது துக்கமும் கலந்திருக்கும் அன்றோ என்ற ஆக்ஷேபத்திற்கு, அம்மிகுதி ஜீவனின் சிற்றானந்தத்தை நோக்கியதே என்று ஸமாதானமும் அருளினார். அவ்வானந்தம் ஸ்வரூபத்திற்கே உரியது, பிறிதொன்றால் வருவதன்று. உகப்போ பிறரை நோக்கியது. குறைவற்றவன் ஓர் அடியவனையும் ஒரு மலையடிவாரத்தையும் உகக்கிறான் என்னும்போது அங்கே தோற்றுவது ஸௌலப்யம், வாத்ஸல்யம் முதலிய குணங்கள். 'ஆனந்தம்' என்று எழுதினால் இது கிட்டாது. 'மகிழ்ச்சி' என்றாலும் கிட்டாது.

இவ்வேறுபாடு புருஷார்த்தம் வரை செல்கிறது. கைங்கர்யத்தின் பயன் சேஷியின் முகமலர்த்தியே என்பதும், அதில் தனக்கென்று வரும் இன்பத்தைப் பயனாகக் கொள்வது களை என்பதும், அக்களையை அறுப்பது த்வயத்தின் முடிவிலுள்ள நம:பதம் என்பதும் முமுக்ஷுப்படியைக் காலக்ஷேபமாகக் கேட்டவர் அறிந்ததே. சேதநன் மகிழ்ச்சியற்றவனாக இருக்க வேண்டும் என்பது கருத்தன்று. அவன் உகப்பைக் கண்டு இவன் உகக்கிறான். வரிசை அதுவே. உகப்பையெல்லாம் பக்தரின் மகிழ்ச்சியாக எழுதும் விளக்கம், களையெடுத்த இடத்தில் அக்களையையே மீண்டும் நட்டுவிடுகிறது.

எளிய நடை வேண்டாமென்பதில்லை. 'எம்பெருமான் விரும்பி மகிழ்ந்து எழுந்தருளியிருக்கும் நிலங்கள்' என்று எழுதினால் சில சொற்கள் கூடும். எழுவாய் தன் இடத்தில் நிற்கும்.