மனக்கோயிலும் சூதாட்டமும்

சென்னைக்கு மேற்கே அயனம்பாக்கத்தை அடுத்துள்ள திருவேற்காடு மூர்க்க நாயனார் தோன்றிய பதி. ஆவடிக்கு அப்பாலுள்ள திருநின்றவூர் பூசலார் நாயனார் வாழ்ந்த பதி. ஒருவர் சூதாடிப் பொருளீட்டி அடியார்க்கு அமுதளித்தவர். மற்றவர் மனத்துள்ளே கோயில் எடுத்தவர். இவ்விருவர் புராணங்களையும் அடுத்தடுத்து ஓதுவார்க்கு, நாள்வாழ்வில் உணர்ச்சியை ஆளுமாறு யாது என்னும் வினாவிற்குத் தெளிந்த விடை கிடைக்கும்.

இவ்வினா இக்காலத்துப் பெரிதும் பேசப்படுகின்றது. 1979-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-ஜின் என்பார், பௌத்த தியான நெறியைத் தழுவித் தொடங்கிய மனக்கவனப் பயிற்சி பல நாடுகளிலும் பரவியுள்ளது. எழும் எண்ணத்தையும் வெகுளியையும் துயரையும் நன்று தீது என முடிவுகட்டாது, உள்ளவாறே நோக்கியிருத்தல் அதன் சாரம். இதனையே அளவுகோலாகக் கொள்ளின், பூசலார் வரலாறு புறவுலகை மறந்து அமைதியுற்ற ஒருவரது வரலாறாகத் தோன்றும். அஃது சேக்கிழார் கருத்தன்று.

பூசலார் முதலில் விரும்பியது கல்லாலாய கோயிலையே. பொருள் தேடி அலைந்தார். சிறிதும் கிட்டாமையால் வருந்தினார். அவ்வருத்தத்தை அவர் அடக்கவுமில்லை, வாளா நோக்கியிருக்கவுமில்லை. அதனையே பணிக்கு முதலாக்கினார். நினைவினாலே நிதி சேர்த்தார், தச்சரைத் தேடினார், நல்ல நாளில் அடிநிலை பாரித்தார், இரவும் துயிலாது விமானமும் மதிலும் கிணறும் குளமும் முறையே அமைத்தார். படிப்படியாகப் பல நாள் தொடர்ந்த வேலை இஃது. காஞ்சியிற் காடவர்கோன் கற்றளிக்குக் குறித்த நாளும் இவர் குறித்த நாளும் ஒன்றாயின. இறைவன் அரசனது கனவிலே தோன்றி அவனது நாளைத் தள்ளிவைக்கப் பணித்தான்.

மூர்க்கர் நிலை வேறு. அவர்க்கும் இடர் பொருளின்மையே. அடியார்க்கு அமுதூட்டக் கைப்பொருள் அற்றது. அவர் உள்ளொடுங்கிற்றிலர்; சூதாடச் சென்றார்; தோற்றபின் பொருள் தர மறுத்தாரை உடைவாளாற் குத்தினார். எனினும் அப்பொருளைத் தம் கையால் தீண்டாது, அமுதாக்குவார் கொள்ளவிட்டு, அடியார் உண்டபின் கடைப்பந்தியிலே உண்டார். அமைதியே அளவாயின் இவர் நாயனாராதல் கூடாது. சேக்கிழாரோ இருவரையும் ஒரு திருக்கூட்டத்தில் வைத்தார்.

இதன் காரணத்தைச் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்கள் விளக்கும். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் சடம். உயிர் அவற்றின் வேறு. அரசன் அமைச்சரோடு கூடித் தொழிற்படுமாறு போல உயிர் அவற்றோடு கூடித் தொழிற்படும். ஆகலின், வெகுளியைத் தன்னின் வேறாகக் காண்க என்னும் அளவில் அப்பயிற்சி சித்தாந்தத்திற்கு இயைபுடையதே. மாறுபாடு அதன்மேற்பட்டது. உயிர் தனித்து நில்லாது. சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. ஒன்றை விடுத்தால் மற்றொன்றைப் பற்றும். கண்ணுக்கு உயிர் காட்டுமாறு போல உயிர்க்குக் காட்டுவான் ஒருவன் வேண்டும். நோக்கியிருத்தல் மட்டும் போதுமெனின், நோக்கும் உயிர் எதனைப் பற்றி நிற்கும் என்னும் வினா விடையின்றி நிற்கும்.

அற்றேல், நோக்கம் நன்றாயின் வெகுளியும் சூதும் யாவர்க்கும் ஆகுமோ எனின், ஆகா என்க. ஈட்டியதில் தனக்கென ஒன்றும் கொள்ளாமை மூர்க்கர்க்கு எய்திய நிலை. அஃதில்லார் அவர் செயலை மேற்கொள்ளின் எஞ்சுவது ஆணவமே. பூசலார் நெறியோ இல்வாழ்வார்க்கும் கூலியாளர்க்கும் எளிது. சமைக்கும்போதும் வழிநடக்கும்போதும் கணக்கெழுதும்போதும் ஒரு துயர் எழுமாயின், அதனைக் கண்டறிதல் முதற்படி. அதனைக் கொண்டு அன்று ஒரு கல் அடுக்குதல் இரண்டாம் படி. இரண்டாவதின்றி முதலாவது நிரம்பாது என்பதே பூசலார் புராணத்தாற் பெறப்படும் பொருளாம்.