குவாலிஸ் மெட்டு இறங்குமா?

போடிநாயக்கனூரில் பழைய மூவரிசை வண்டி வாங்குவோர் முதலில் கேட்பது, "மெட்டு ஏறுமா?" என்பதே. டொயோட்டா குவாலிஸ் ஏறும். 2000 முதல் 2005 வரை இந்தியாவில் விற்பனையான இவ்வண்டியின் 2.4 லிட்டர் டீசல் எஞ்சினுக்கு டர்போ கிடையாது. உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் சற்றே திணறும், அவ்வளவுதான்.

கேட்க வேண்டியது, இறங்குமா என்பது. போடிமெட்டு, போடியைவிட ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம். ஆட்களும் ஏலக்காய் மூட்டையுமாக 2 டன் எடையுள்ள வண்டி 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்குகையில் வெளிப்படும் ஆற்றல், 60 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. தாழ்ந்த கியரில் எஞ்சின் தாங்குவது போக, மீதியில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிறது. பிரேக் எண்ணெயோ ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை தாழும். கொதித்துவிட்டால் குழாயில் ஆவிக்குமிழ்கள் தோன்றும். மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது.

புதுப் பெயின்ட்டிலும் புது சீட் உறையிலும் இது தெரியுமா? இருபது வயது கடந்த வண்டியை நேரே மலைக்குக் கொண்டுபோய்ச் சோதிப்பது அறிவீனம். சமவெளியிலேயே சக்கரத்தைக் கழற்றி லைனிங்கைப் பாருங்கள், எண்ணெயை மாற்றுங்கள்.

பின்வரிசை எதிரெதிர் இருக்கையாக உள்ள வகையைக் குடும்பத்துக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். வளைவுதோறும் உடல் முன்னும் பின்னும் ஆடும். பிரேக் பிடித்தால் பக்கவாட்டில் சாயும். குழந்தைகளுக்கு வாந்திதான். மூட்டை ஏற்ற நல்ல இடம்.